கழுவிய தாங்கி
(தவக்கால ஒப்புரவு வழிபாட்டு மறையுரை)



இந்த மாலை வழிபாட்டுக்கென நாம் தெரிந்துகொண்ட நற்செய்தியில் ஒரு வீடு வருகிறது. தீய ஆவி விட்டுப் போன வீடு. அந்த ஆவி வறண்ட இடமெல்லாம் அலைந்து பார்க்கிறது. தங்க இடம் கிடைக்கவில்லை. பழைய வீட்டையே ஒருக்கால் எட்டிப் பார்ப்போம் என்று திரும்புகிறது. வந்து பார்த்தால் வீடு கூட்டித் துப்புரவாக்கி, ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஆளில்லை. உடனே போய்த் தன்னிலும் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது. முன்பிருந்ததைவிட அந்த மனிதனின் பின்நிலை கேடாகிறது என்கிறார் ஆண்டவர்.

இந்தப் பகுதி எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. வீட்டைக் கூட்டித் துடைத்தவன் என்ன பிழை செய்தான்? குருமடத்தில் விளக்கம் சொன்னார்கள். குறிப்பும் எழுதினேன், சோதனையில் புள்ளியும் வந்தது. விளங்கியது என்னவோ போன வருடம்தான், ஒரு கராச்சில், பழைய கார் ஒன்றின் பெற்றோல் ராங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது.

ராங்கி என்று பேசுகிறோம், தாங்கி என்று எழுதுகிறோம். எனக்கு எழுதுகிற சொல்தான் பிடிக்கும். தெருவோரத்தில் எங்கள் முன்னோர் நட்டு வைத்த சுமைதாங்கிக் கல்லும் தாங்கிதான், காருக்கு அடியில் கிடக்கிற தகரப் பெட்டியும் தாங்கிதான். ஒன்று தலைச்சுமையைத் தாங்குகிறது, மற்றது ஓட்டத்துக்கு வேண்டியதைத் தாங்குகிறது. இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கார் ஒரு மொறிஸ் மைனர். எங்கள் பங்குக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். 1948இல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கி, 1971ஓடு செய்வதை நிறுத்திவிட்ட கார். அங்கே நிறுத்தினார்கள், யாழ்ப்பாணத்தில் நாம் நிறுத்தவில்லை. புதுக் கார் இறக்குமதி செய்ய முடியாத காலத்தில் இதையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் வைத்துத்தான் கலியாணமும் செத்தவீடும் ஆஸ்பத்திரியும் நடந்தன. 1990 யூனில் போர் மறுபடி மூண்டு, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் போத்தலில் அளந்து விற்கிற பொருளாகியபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் வருகிறவர் புகையில் இருமிக்கொண்டே வருவார். தோட்டத்தில் இறைப்பு மெசின் வைத்திருந்தவர்களுக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்தக் காரும் நடைவேகத்தில் போனது. உள்ளே ஒரு கிழவி, இரண்டு குழந்தைகள், ஒரு மூட்டை அரிசி, ஒரு மாதா சுரூபம். அடுத்த வருடம் திரும்பியும் வந்தது.

வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிய பிறகு கார் மாட்டுக்கொட்டிலுக்குள் போய், படங்கு மூடிக் கிடந்தது. கனடாவில் இருக்கிற மகன், கோயில் திருநாளுக்கு வரும்போது அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். காசு அனுப்பினார். முதலில் ஒருவர் பொறுப்பெடுத்தார். கறள் பிடித்த மட்காட்டைத் தேய்த்து, புதுப் பெயின்ற் அடித்து, பம்பரை மினுக்கி, சீற் தைத்துக் கொடுத்தார். பார்த்தால் கண்காட்சிக்கு வைக்கலாம். கோயில் வாசல் வரை ஓடியது, அதோடு இருமி நின்றது. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் கழுவுகிறவர்களை ஆண்டவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் நீட்டவில்லை. அந்தப் பிழையை நாம் எல்லோரும் அறிந்தே செய்கிறோம். நற்செய்தி இன்று பேசுவது, அறியாமல் செய்கிற பிழையை.

பிறகுதான் கார் இந்தக் கராச்சுக்கு வந்தது. மெக்கானிக் எழுபதைக் கடந்த சைவக்காரர். நெற்றி நிறைய விபூதி. நாம் வருடத்தில் ஒருநாள், திருநீற்றுப் புதனன்று பூசுகிறோம், அதையும் வேலைக்குப் போகமுன் துடைத்துவிடுகிறோம். அவர் தினமும் பூசிக்கொண்டுதான் ஸ்பானரைத் தொடுகிறார். தாங்கியைக் கழற்றி வெளியே எடுத்தவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்லே எச்சரிக்கை: “வெறும் ராங்கியெண்டு கிட்ட வராதேங்கோ பாதர். நிறைஞ்ச ராங்கியைவிட வெறும் ராங்கிக்குத்தான் நான் பயம்.”

எனக்கு ஆச்சரியம். அவர் விளக்கினார். எரிவது பெற்றோல் அல்ல, பெற்றோலின் ஆவி. அந்த ஆவி காற்றோடு நூற்றுக்கு ஒன்றரை பங்கு சேர்ந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். நிறைந்த தாங்கிக்குள் காற்றுக்கு இடமில்லை. வடித்து வெறுமையாக்கிய தாங்கிக்குள் ஆவியும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. “ஒண்டும் இல்லையெண்டு வெல்டிங் பிடிச்ச ஆக்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவை,” என்றார். வெறுமை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. நற்செய்தியின் அந்த வீடு எனக்கு அப்போதே இலேசாகக் கண்ணில் தட்டுப்பட்டது.

மூடியைத் திறந்தார். பெற்றோல் மணமே இல்லை. பழைய வார்ணிஷ் போல ஒரு புளித்த நெடி. நாட்பட்ட பெற்றோலில் இலேசானதெல்லாம் ஆவியாகிப் போக, மிஞ்சியது பசையாக அடியில் ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே கறள். கறள் பிடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரும் ஊற்றவில்லை. தாங்கி பாதி வெறுமையாகக் கிடந்தால் உள்ளே இருக்கிற காற்று இரவுக் குளிரில் வியர்க்கும். நம்முடைய காற்று கடற்காற்று, ஈரமும் உப்பும் கலந்தது. ஒவ்வொரு இரவும் ஒரு துளி. பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் பெற்றோல் மட்டுமே தெரியும்.

2022ஆம் ஆண்டு ஞாபகமிருக்கிறதா? வரிசையில் நின்றோம், வரிசையிலேயே தூங்கினோம், கடைசியில் கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். அந்த மாதங்களில் என் மோட்டார் சைக்கிள் றிசேவிலேயே ஓடியது. றிசேவ் அடியில் இருந்து உறிஞ்சும். வருடக்கணக்காக அடியில் பேசாமல் கிடந்த மண்டி அப்போதுதான் மேலே வந்து காபரேற்றரை அடைத்தது. பெற்றோல் தாராளமாக இருந்தவரை, மண்டி இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் வருமானம் குறைகிறபோது, ஒரு மனிதர் நோயில் விழுகிறபோது, அவர் வாயில் வருகிற சொல்லைக் கேட்டு நாம் திடுக்கிடுகிறோம்: இவ்வளவு நல்ல மனுசனா இப்படிப் பேசுகிறார்? அவர் புதிதாகக் கெட்டுப்போகவில்லை. றிசேவில் ஓடுகிறார். அப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் பொறுமையாய் இருங்கள்.

சரி, கராச்சுக்கு வருவோம். சவுக்காரத் தண்ணீரை ஊற்றி, பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டு, தாங்கியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். நானும் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. முதல் தண்ணீர் தார் போல வந்தது. பிறகு பிளேன்ரீ நிறம். பிறகு ஓரளவு தெளிந்தது. “காணும் ஐயா” என்றேன். அவர் ரோச் அடித்துக் காட்டினார். மூலைகளில் கறள் அப்படியே இருந்தது. செயின் தட்டுவது செயின் போகிற இடத்தில்தான். அதன்பின் கடைக்குப் போய் வினாகிரி வாங்கிவந்து கழுத்துவரை நிரப்பி வைத்தார். அம்மாமார் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குகிறார்களே, அதே வேலைதான். ஆனால் அவசரப்பட முடியாது. மூன்று நாள். புளிப்பு மெல்ல மெல்லக் கறளுக்குள் இறங்கி அதைக் கரைக்க வேண்டும். சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குக் கடற்காளானில் தோய்த்துக் கொடுத்ததும் இந்தப் புளிப்பைத்தான் என்று எனக்கு அங்கே நின்றபோது நினைவு வந்தது. மெக்கானிக்கிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வடித்துவிட்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவினார். ஏன் என்றேன். “புளிப்பு மிஞ்சினா அது இரும்பையும் தின்னும் பாதர்.” பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் வருடக்கணக்காகத் தன்னையே அரித்துக்கொண்டிருக்கிற சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன்: கடவுள் மன்னித்ததை நீங்கள் மறுபடி தோண்ட வேண்டாம். புளிப்பின் வேலை முடிந்துவிட்டது, கழுவிவிடுங்கள்.

கறள் போன பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. தாங்கியின் அடியில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். முந்தி ஒழுகவில்லையே என்றேன். ஒழுகாமல் அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கறள்தான் என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்களை நாம் பிடிவாதக்காரர் என்று நினைக்கிறோம். சிலருக்குப் பிடிவாதம் இல்லை, பயம். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக இருபது வருடமாக அண்ணனோடு பேசாதவர் இருக்கிறார். அந்தக் கோபம் போய்விட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கே தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழும்புகிறார். போர் எடுத்துக்கொண்டு போன பிள்ளையின் படத்துக்கு முன்னால், கடவுளோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய் இருக்கிறார். அம்மா, உங்கள் கோபத்தை நான் பாவம் என்று சொல்ல வரவில்லை. யோபுவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கறளால் அடைத்த ஓட்டை என்றைக்கும் ஓட்டைதான். மெக்கானிக் அந்தத் தாங்கியைப் பார்த்து, இது உதவாது, எறியுங்கோ என்று சொல்லவில்லை. ஓட்டையைச் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போட்டார். தாங்கியைக் கவிழ்த்து, ஆவிக்கு இடமில்லாமல் உள்ளே தண்ணீர் நிரப்பி, ஓட்டையின் ஓரத்தை மட்டும் உலர விட்டு, ஈயப்பற்று வைத்தார். பெரிய தழும்பு. வெள்ளியாகப் பளபளக்கிறது. அந்த இடம்தான் இப்போது தாங்கியிலேயே பலமான இடம் என்றார்.

பற்று வைத்து முடிய மாலை ஆறு மணி. உள்ளே ரோச் அடித்துப் பார்த்தேன். புதுச் சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது. எனக்குத் திருப்தி. எல்லாம் முடிந்தது, விடியப் பூட்டுவோம் ஐயா, வீட்டுக்குப் போங்கோ என்றேன்.

அவர் அசையவில்லை. “கழுவின ராங்கியை ஒரு இரவு வெறுமையா வைச்சா, விடிய வந்து பார்க்கச் செம்மஞ்சளாக் கிடக்கும்.”

இளவயதில் அவருக்கே நடந்த கதையைச் சொன்னார். ஒரு தாங்கியை இதேபோலக் கழுவி, இதேபோல மின்ன வைத்து, வாயைத் திறந்தபடி வெயிலில் காய விட்டுவிட்டு நல்லூர்த் தேருக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே முழுக்கப் புதுக் கறள். “சாமி கும்பிடப் போனதும் குற்றமோ பாதர்?” என்று சிரித்தார்.

காரணம் இதுதான். பழைய கறள் அழுக்கென்றாலும் இரும்புக்கு ஒரு போர்வை. அதை உரித்துவிட்டால் இரும்பு பச்சைப் புண் மாதிரி. ஈரக் காற்றுப் பட்ட மாத்திரத்தில் பிடிக்கும். வருடக்கணக்கில் சேர்ந்தது ஒரு பக்கம், இது மணிக்கணக்கில் சேரும். ஆகவே அந்த இரவே அவர் தாங்கியைச் சூடுகாட்டிக் காயவைத்தார். எண்ணெய் விட்டு எல்லா மூலைக்கும் உருட்டி வடித்தார். பிறகு கானில் இருந்த பெற்றோலை ஊற்றினார். பாதியோடு நிறுத்தவில்லை, கழுத்து முட்ட ஊற்றினார். காற்றுக்கு இடம் வைக்கக் கூடாது என்றார். மூடியைப் பூட்டிய பிறகுதான் கை கழுவினார். இரவு ஒன்பது மணி இருக்கும்.

சகோதர சகோதரிகளே, அந்த இரவில் எனக்கு அந்த வீடு விளங்கியது. கூட்டியது பிழையல்ல. கூட்டிவிட்டு வெறுமையாய் விட்டதுதான் பிழை.

நம்முடைய தவக்காலங்களை நினைத்துப் பாருங்கள். நாற்பது நாள் குடியை நிறுத்துகிறவர்கள் இந்தப் பங்கில் பலர். உண்மையான கட்டுப்பாடு, நான் மெச்சுகிறேன். ஆனால் அந்த மாலை நேரத்தில் என்ன செய்தீர்கள்? தவறணைக்குப் போகாத அந்த இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்தீர்களா? மனைவியோடு நாலு வார்த்தை பேசினீர்களா? சும்மா திண்ணையில் இருந்து உயிர்த்த ஞாயிறுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த ஞாயிறு மத்தியானமே ஏழு பேர் வந்துவிடுவார்கள்.

இதைவிடப் பாரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். போதைக்கு அகப்பட்ட நம் இளைஞர்களில் சிலர் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். வந்தவனுக்கு வேலை இல்லை. பழைய கூட்டாளிகளோடு சேரக் கூடாது என்கிறோம், சரி. புதுக் கூட்டாளியாக நம்மில் யார் போய் நின்றோம்? பாடகர் குழுவில் சேர்த்தோமா? கிரிக்கெற் விளையாடக் கூப்பிட்டோமா? வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது என்று கேற்றைச் சாத்தினோம். கூட்டித் துடைத்த வீடாக அவன் திரும்பி வந்தான். வெறுமையாக வைத்தது நாம். அவன் மறுபடி விழுந்த பிறகு, “அப்பவே தெரியும்” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இது என் தீர்ப்பு, யாருக்காவது உறைத்தால் உறைக்கட்டும்.

நம் மண்ணின் புனிதர் யோசேவாஸ் இதை அறிந்திருந்தார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, நம் குருக்களைத் துரத்திய பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் இங்கே பூசை இல்லை. 1687இல் அவர் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாக நின்று, எந்தக் கண் அதைப் பார்த்துக் கலங்குகிறது என்று தேடினார். சில்லாலை அவரை மறைத்து வைத்தது. இரவுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், அதாவது கழுவினார். கழுவிவிட்டு அப்படியே போகவில்லை. தான் இல்லாத நாளிலும் செபம் நடக்க ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார். இன்றைக்கு நாம் பசாம் படிக்கிறோம் என்றால், அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. 2015 சனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் எத்தனையோ பேர் பஸ் பிடித்துப் போனோம். பஸ் பிடித்தது சரி. அவர் நிரப்பி வைத்ததில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்தன. யூதர்கள் கழுவிச் சுத்தமாகிற சாடிகள். ஆண்டவர் அவற்றை மறுபடி கழுவச் சொல்லவில்லை. நிரப்பச் சொன்னார். பணியாளர்கள் விளிம்பு முட்ட நிரப்பினார்கள் என்று யோவான் கவனமாக எழுதி வைத்திருக்கிறார். இரசமானது அதற்குப் பிறகு.

கார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுநாள் தாங்கியைப் பூட்டி, சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம் டக் டக் டக் என்று அடித்தது. காபரேற்றர் நிறைந்ததும் தானாக நின்றது. அது நிற்காமல் அடித்தால் எங்கோ வெறுமை இருக்கிறது என்று அர்த்தமாம். திருநாளன்று அந்த அம்மா அதே காரில் கோயிலுக்கு வந்து இறங்கினார். கலியாணத்தன்று வந்து இறங்கிய அதே வாசல்.

இப்போது நாலு குருக்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் சக்கிறீஸ்துப் பக்கம், இரண்டு பேர் அந்தோனியார் சுரூபத்தடியில். பாவசங்கீர்த்தனம் செய்து முடித்ததும் வீட்டுக்கு ஓடாதேங்கோ. பேசாமல் விட்ட ஒருவரை நினைத்து, இன்றிரவே அவருக்குப் போன் எடுக்கிறேன் என்று ஆண்டவருக்குச் சொல்லிவிட்டு எழும்புங்கோ. நாளை மாலை ஆறு மணிக்கு இளைஞருக்கான கூட்டம், வெள்ளிக்கிழமை பசாம், சனிக்கிழமை நோயாளர் வீடுகளுக்குப் போக இன்னும் ஆறு பேர் வேண்டும், பெயர் கொடுங்கோ. வரிசை கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பெற்றோலுக்கு இரவிரவாக நின்ற சனம் நாங்கள். இதற்கும் நில்லுங்கோ.